முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தும் தலைமைக் கிளார்க்காகவே ஓய்வு பெற்ற மலாயா ரயில்வே ஊழியர்: காரணம் என்ன?

கேள்வி (வட்டுக்கோட்டையார் மகள்):
எங்கள் ஐயா 1926ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிலிருந்து கொழும்பு சென்று, கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, பிரிட்டிஷார் ஆண்ட ஐக்கிய மலாய் மாநிலங்களின் (இன்றைய மலேசியாவின் ஒரு பகுதி) ரயில்வேயில் கிளார்க்காகச் சேர்ந்தார். ஈப்போ, கெமாஸ், சிரம்பான் என மாற்றலாகிக் கொண்டேயிருந்து, 1959இல் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில் குடியிருந்தபோது ஓய்வு பெற்றார். தாம் வேலை பழக்கிய இளம் வெள்ளைக்காரர்கள் தமக்கே மேலதிகாரிகளாவதைப் பார்த்துக்கொண்டே அவர் பணிபுரிந்தார். அவருடைய அடங்கிப்போகும் குணமே இதற்குக் காரணம் என்கிறார் என் அண்ணர். பேரப்பிள்ளைகளுக்காக ஐயாவின் வாழ்க்கையை எழுதி வருகிறேன். அண்ணர் சொல்வதை அப்படியே எழுத மனம் ஒப்பவில்லை.

பதில் (தைப்பிங்வாசி):
அம்மா, இதில் குணத்தைவிடச் சட்டத்துக்கே பங்கு அதிகம். உயர் நிர்வாகப் பதவிகளுக்குரிய மலாயா சிவில் சேவைக்கான தேர்வை எழுதுவோர் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் ஐரோப்பிய வம்சாவளியினராக இருக்க வேண்டும் என்று 1904இல் விதி வந்தது. 1910இல் மலாய்க்காரருக்கென ஒரு கீழ்நிலை நிர்வாகச் சேவை உருவாக்கப்பட்டது; இலங்கைத் தமிழருக்கு அந்த வழியும் இல்லை. ரயில்வேயிலும் மேற்பதவிகளில் ஐரோப்பியரே அமர்ந்திருந்தனர். உங்கள் ஊரிலேயே அமெரிக்க மிஷன் 1823இல் செமினரி என்ற உயர்கல்விக்கூடத்தைத் தொடங்கியது; அத்தகைய பள்ளிகளில் ஆங்கிலம் கற்றவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் போதிய வேலை இல்லாததால்தான் அவர்கள் மலாயாவுக்கு வந்தார்கள். அரசுக்கு வேண்டியிருந்ததும் குறைந்த செலவில் கணக்கு எழுதும் கைகளே. அந்தக் கைகள் எந்தப் படிவரை ஏறலாம் என்பதும் முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தது.

பதில் (பழைய கெமாஸ்காரன்):
தைப்பிங்வாசி சொல்வது சரியே. ஆனாலும் ஐயாவைப் பாதிக்கப்பட்டவராக மட்டும் எழுதிவிடாதீர்கள். தண்டவாளம் போட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் லயங்களில் வாழ்ந்தபோது, கிளார்க்குகளுக்கு குவாட்டர்ஸும் பென்சனும் இருந்தன. இரு தரப்பும் ஒரே மொழி பேசினாலும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கவில்லை. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தை (1942–45) அவசியம் எழுதுங்கள். கிழக்குக் கரைப் பாதையின் ஒரு பகுதியைப் பெயர்த்து, தாங்கள் கட்டிய சயாம்–பர்மா (இன்றைய தாய்லாந்து–மியான்மர்) ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். சுமார் 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிவதற்குள், தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அவர்களை ஏற்றிச் சென்ற வண்டிகளுக்கு யாரோ கணக்கு எழுதியிருக்கத்தான் வேண்டும். ஐயா அக்காலத்தில் எந்த நிலையத்தில் இருந்தார்?

கேள்வி கேட்டவர்:
கெமாஸில்தான் இருந்தார். குவாட்டர்ஸ் முற்றத்தில் மரவள்ளி நட்டதையும், சேமிப்பெல்லாம் ஜப்பானியர் வெளியிட்ட, வாழைமரம் அச்சிட்ட நோட்டுகளாகி 1945இல் மதிப்பிழந்து போனதையும் சொல்வாரே தவிர, வண்டிகளைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. 1957இல் மலாயா விடுதலை பெற்ற பிறகு மேற்பதவிகள் உள்ளூராருக்குத் திறந்தன. ஆனால் ஐயாவுக்கு ஓய்வு வயது நெருங்கிவிட்டது. என் அண்ணர் பொறியியல் படித்து அதே ரயில்வேயில் அதிகாரியானபோது, அவருடைய நியமனக் கடிதத்தை ஐயா இரண்டு முறை வாசித்துவிட்டு, ஒப்பத்துக்குக் கீழே அலுவலக முத்திரை இல்லை என்று குறை சொன்னார்!

பதில் (தைப்பிங்வாசி):
அந்த முத்திரைக் கதையைக் கட்டாயம் சேருங்கள். அண்ணரின் கூற்றுக்கு அதுவே பதில். மற்ற விவரங்களுக்கு மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் குடியேற்றக் காலக் கோப்புகளைத் தேடலாம். சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றியுள்ள பழைய ஆங்கில நாளிதழ்களில் அரசு ஊழியரின் மாற்றல், பிரியாவிடை விருந்துச் செய்திகள் கிடைக்கும். தமிழ்ப் பெயர்களை அவர்கள் பலவிதமாக அச்சிட்டதால், ஐயாவின் பெயரோடு நிலையத்தின் பெயரையும் சேர்த்தே தேடுங்கள்.