அம்பாந்தோட்டை: 99 வருடக் குத்தகை என்றால் சீனக் கடற்படை கேட்காமலே வரலாமா?

வாடைக்காற்று:
அம்பாந்தோட்டை பற்றி எங்கே பேச்செடுத்தாலும் "சீனாக்காரனுக்கு வித்தாச்சு" என்று முடித்துவிடுகிறார்கள். சீனக் கம்பெனிக்கு 85 சதவீதம் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள், இலங்கையிடம்தான் பாதிக்கு மேல் என்று இன்னொரு பக்கம். இரண்டும் எப்படிச் சரியாகும்? போர்க்கப்பலோ உளவுக்கப்பலோ வந்தால் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம்? நடைமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கட்சி அரசியல் வேண்டாம்.

நங்கூரி:
இரண்டு கணக்கும் சரிதான். கம்பெனிகள் இரண்டு, குழப்பம் அங்கேதான்.

2017 ஜூலை 29 ஒப்பந்தப்படி, துறைமுகத் தொழிலை நடத்தும் குழுமக் கம்பெனியில் சீன அரசுக் கம்பெனியான சைனா மெர்ச்சன்ட்ஸ் போர்ட்டுக்கு 85, இலங்கைத் துறைமுக அதிகார சபைக்கு 15. பொது வசதிகளைப் பார்க்கும் சேவைக் கம்பெனி தனி. அதில் அதிகார சபைக்கு நேரடியாக 42, மீதி 58 அந்தக் குழுமக் கம்பெனிக்கு.

இப்போது பெருக்கிப் பாருங்கள். 58-இல் 85 சதவீதம் 49.3. அது சீனப் பங்கு. 58-இல் மிச்சம் 8.7, அதோடு நேரடி 42-ஐக் கூட்டினால் 50.7. "பாதுகாப்பு சம்பந்தப்பட்ட கம்பெனியில் பெரும்பான்மை நமக்கே" என்று சொல்வது இந்த எண்ணை வைத்துத்தான்.

ஆனால் 50.7 என்பது இலாபம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு. பொதுக்கூட்டத்தில் கை தூக்கும்போது 58-உம் ஒரே கையாகத்தான் எழும். அந்தக் கையை ஆட்டுவது 85 வைத்திருப்பவர். இயக்குநர் சபையில் யாருக்கு எத்தனை இடம், எந்தெந்த முடிவுக்கு அதிகார சபையின் சம்மதம் கட்டாயம் என்று தனியாக எழுதி வைத்தால்தான் சிறு பங்குக்குப் பல் இருக்கும். சதவீதத்தை மட்டும் படித்துவிட்டு ஒப்பந்தம் புரிந்தது என்று நினைக்கக்கூடாது.

இன்னொன்று. "கடனைக் கட்ட முடியாமல் துறைமுகத்தைக் கொடுத்தார்கள்" என்பதும் அப்படியே சரியில்லை. பேசிய தொகை 1.12 பில்லியன் டாலர். அதில் சுமார் 974 மில்லியன் பங்குக்கு, மீதி 146 மில்லியன் துறைமுகம் சார்ந்த முதலீட்டுக்கு. வந்த டாலர் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது. சீன எக்ஸிம் வங்கிக் கடன் இரத்தாகவில்லை, திறைசேரியின் தலையில்தான் இருந்தது.

கடல்மைல்:
கப்பல் உள்ளே வருவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

குத்தகைக்குக் கொடுத்தாலும் துறைமுக நீர் நாட்டின் உள்நாட்டு நீர்தான். வெளிநாட்டு அரசுக் கப்பல் எது வந்தாலும் இராஜதந்திர அனுமதி வேண்டும். குத்தகைக்காரர் அதைக் கொடுக்க முடியாது. யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் விஷயத்தில் திகதிகளைப் பாருங்கள். 2022 ஜூன் 28-இல் சீனத் தூதரகத்தின் குறிப்பு. ஜூலை 7-இல் பாதுகாப்பு அமைச்சின் சம்மதம். நிபந்தனை இரண்டு: இலங்கையின் பொருளாதார வலயத்துக்குள் ஏஐஎஸ் (கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவி) அணையக்கூடாது, இலங்கைக் கடலில் ஆய்வு கூடாது. ஜூலை 12-இல் எரிபொருளும் சாமானும் ஏற்ற அனுமதி. இந்தியா எதிர்த்ததும் ஆகஸ்ட் 5-இல் தள்ளிப்போடும்படி கொழும்பு கேட்டது. 11-ஆம் திகதி வரவேண்டிய கப்பல் வரவில்லை. 13-இல் புதிய அனுமதி, 16 முதல் 22 வரை நின்றது. ஐந்து நாள் தள்ளிப்போட முடிந்ததே கதவுச் சாவி அரசிடம் இருந்ததால்தான். நெருக்குதலில் கடைசியில் திறந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பலருக்குத் தெரியாத ஓட்டை ஒன்று உண்டு. 2004 ஜூலை 1 முதல் அமலில் உள்ள ஐஎஸ்பிஎஸ் என்ற சர்வதேசக் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதிகள் சரக்குக் கப்பல், பயணிகள் கப்பல்களுக்குத்தான். போர்க்கப்பலும், வணிகம் அல்லாத அரசுப் பணிக் கப்பலும் விதிவிலக்கு. அதோடு இறையாண்மை விலக்கும் சேர்ந்துகொள்ளும், அதாவது ஏறிப் பார்க்க முடியாது. உள்ளே விட்ட பிறகு கையில் ஒன்றுமில்லை. பிடி முழுக்க அனுமதிக் கடிதத்தில்தான்: எந்த பெர்த் (கப்பல் நிற்கும் இடம்), எத்தனை நாள், எந்த அலைவரிசைக் கருவிகள் அணைந்திருக்க வேண்டும், யார் கரை இறங்கலாம். "ஆய்வு கூடாது" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதாது. அதை யார், எதை வைத்துப் பார்ப்பார்கள் என்றும் சேர்த்து எழுத வேண்டும். கடலாய்வுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்று ஐநா கடல் சட்டமே சொல்கிறது. கப்பல் வாசலுக்கு வந்த பிறகு யோசிப்பதுதான் வழக்கமான தவறு. 2024 முழுக்க வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கே இலங்கை ஒரு வருடத் தடை போட்டதும் இந்த மூச்சுமுட்டலில்தான்.

வாடைக்காற்று:
நன்றி. அப்படியானால் 2014-இல் சீன நீர்மூழ்கி கொழும்பில் வந்து நின்றது?

கடல்மைல்:
அனுமதி அரசு கொடுத்தது. நின்ற இடம்தான் பிரச்சினை. அதிகார சபையின் பெர்த்தில் நிற்காமல், அதே சைனா மெர்ச்சன்ட்ஸ் 85 சதவீதம் வைத்திருக்கும் கொழும்பு கொள்கலன் முனையத்தில் நின்றது. அங்கே வாசலும் கேமராவும் யாருடையது என்று யோசித்தால் டெல்லி ஏன் கொதித்தது என்று புரியும்.

இரும்புக்கயிறு:
எல்லாரும் போர்க்கப்பலையே பார்க்கிறீர்கள். எந்தக் கப்பல், எந்தப் பெட்டி, எந்த லாரி, எப்போது என்ற தினசரிப் பதிவு அத்தனையும் முனையம் நடத்துபவரின் கணினியில்தான் இருக்கிறது. இராணுவச் சரக்கு சாதாரணப் பெட்டியில் போனாலும் அதில் தெரியும்.

கிரேனும் அப்படியே. அமெரிக்கத் துறைமுகங்களில் கரைக் கிரேன்களில் சுமார் 80 சதவீதம் ஷாங்காயின் இசட்பிஎம்சி தயாரிப்பு. 2024-இல் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, ஒப்பந்தத்தில் கேட்காத செல்லுலார் மோடம்கள் சில கிரேன்களில் இருந்தது வெளியே வந்தது. பழுது பார்க்க வைத்தது என்றே வைத்துக்கொண்டாலும், யாரும் கேட்காத கதவு கதவுதான்.

கிரேனைத் தூக்கி எறிய முடியாது. செய்யக்கூடியது: மின்பெட்டி, ஓட்டுநர் அறை, மேலே உள்ள இயந்திர அறை மூன்றையும் திறந்து ஒவ்வொரு மோடத்தையும் சிம்மையும் பட்டியலிடுங்கள். பிஎல்சி (கிரேனை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) இருக்கும் வலையமைப்பை அலுவலக வலையிலிருந்து பிரியுங்கள். தொலைவிலிருந்து பழுது பார்க்கும் இணைப்பு எப்போதும் அணைந்தே இருக்க வேண்டும். வேலைச் சீட்டு வந்தால் திறந்து, ஆள் பக்கத்தில் நின்று பார்த்து, முடிந்ததும் மூடவேண்டும். சறுக்குவது இங்கேதான். இரவு ஷிப்டில் கிரேன் நின்று கப்பல் காத்துக்கிடந்தால் "இப்ப திறந்து விடு, பிறகு பார்ப்போம்" என்பார்கள். அந்தப் பிறகு வராது.

நங்கூரி:
ஒன்று விட்டுப்போச்சு. இன்று கையெழுத்துப் போடுகிறவரே நாளைக்கும் முதலாளியாக இருப்பார் என்று நினைக்காதீர்கள். சென்னைத் துறைமுகக் கொள்கலன் முனையத்தை 2001-இல் எடுத்தது பிரிட்டிஷ் பி அண்ட் ஓ. 2006-இல் அந்தத் தாய்க் கம்பெனியையே துபாயின் டிபி வேர்ல்ட் வாங்க, சென்னை முனையமும் கூடவே போனது. அமெரிக்காவில் அதே கொள்வினைக்குப் பெரிய புயல் கிளம்பி, அங்குள்ள முனையங்களை மட்டும் டிபி வேர்ல்ட் விற்றுவிட்டு வெளியேறியது.

ஆகவே ஒப்பந்தத்தில் கைமாற்றத் தடை இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. அது உள்ளூர்க் கம்பெனியின் பங்கோடு நிற்கிறதா, உச்சத்தில் இருக்கும் தாய்க் கம்பெனி வரை ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு முனையத்துக்காக வங்கியோடு போட்ட கடன் ஒப்பந்தத்தை எடுங்கள். தவணை தவறினால் வங்கி தனக்கு வேண்டிய ஆளை உள்ளே இறக்கலாம் என்ற உரிமை அதில் இருக்கும். கடன் கொடுத்தது வெளிநாட்டு அரசு வங்கி என்றால், இறக்கப்படும் ஆளுக்கும் அரசின் பாதுகாப்பு அனுமதி கட்டாயம் என்று எழுதியிருக்க வேண்டும். பங்கு ஒப்பந்தத்தை வரிக்கு வரி படிப்பவர்கள் கூட இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.