புதுப்பிப்பு: இணைப்பில்லாத இடத்தில் ஆர்வி இரவு
மின்சார, நீர் இணைப்பில்லாத இடத்தில் ஆர்வியில் (படுக்கை, சமையல் வசதியுள்ள வீட்டு வண்டியில்) இரவு தங்குவது பாதுகாப்பானதா என்று முன்பு கேட்டிருந்தேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குவார்ட்சைட் என்ற ஊர் அருகே, பொதுவாக 28 நாள்களுக்குள் 14 நாள் வரை தங்க அனுமதிக்கும் கூட்டரசு நிலத்தில் தங்கித் திரும்பிவிட்டேன். பலரும் திருட்டைப் பற்றித்தான் எச்சரித்தீர்கள். எனக்கென்னவோ கார்பன் மோனாக்சைடே பெரிய அபாயமாகப் படுகிறது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு பக்கத்து வண்டியின் ஜெனரேட்டரிலிருந்தும் நம் ஜன்னல் வழியே நுழையக்கூடும் என்பதால், படுக்கும் முன் அதை உணர்ந்து ஒலிக்கும் அபாயமணியின் சோதனைப் பொத்தானை அழுத்தி, பின்புறம் அச்சிட்டிருந்த காலாவதித் தேதியையும் பார்த்துக்கொண்டேன். வண்டியின் அடுப்புக்கு எரிபொருளான புரோப்பேன் வாயு காற்றைவிடக் கனமானது. அதன் கசிவை உணர்த்தும் கருவி தரையோரம் இருப்பதால், அதன் முன் செருப்புகளைக் குவிக்காதீர்கள். சமதளமாகத் தெரிந்த வறண்ட ஓடைப்படுகையை விட்டு மேட்டில்தான் நிறுத்தினேன். தொலைவில் பெய்யும் மழைகூட அங்கே திடீர் வெள்ளமாக வந்துவிடும்.