கூலரோடு சேர்ந்து வந்த ப்ராசசர்: உங்கள் டெம்பரேச்சர் அனுபவங்களைச் சொல்லுங்கள்

நெல்லைக்காரன்:
ஆறு மாசம் ஆகிறது, அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. ஏஎம்டியின் ரைசன் 5 3600 ப்ராசசர், பெட்டியில் வந்த கூலர், சூட்டைக் கடத்த இரண்டுக்கும் நடுவில் பூசிய நாலு வருஷப் பழைய பேஸ்ட். வலோரண்ட் கேம் ஆடினாலே சூடு 90 டிகிரியைத் தொட்டது. பேஸ்ட் மாற்றிவிடலாம் என்று நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, கூலரை நேராக மேலே இழுத்தேன். 'டப்'. திருப்பிப் பார்த்தால் ப்ராசசர் கூலரின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ப்ராசசரைப் போர்டில் பூட்டும் சாக்கெட் லீவர் பூட்டியது பூட்டியபடியே இருக்கிறது. ஒரு மூலையில் ஐந்தாறு பின் சாய்ந்து கிடந்தன. அக்கா செல்போன் டார்ச்சைப் பிடிக்க, ஈயக்குச்சி எடுத்த மைக்ரோ டிப் பென்சிலின் முனைக்குள் ஒவ்வொரு பின்னையும் நுழைத்து நிமிர்த்தினேன். இரண்டு மணி நேரம். திரையில் பயாஸ் (போர்டின் செட்டிங்ஸ் பக்கம்) வந்த பிறகுதான் அக்கா டார்ச்சை அணைத்தாள். இப்போது அதே கேமில் 72.

ராத்திரி கேமர்:
அண்ணே, ஆறிப்போன பேஸ்ட்டோடு இழுத்ததுதான் தப்பு. உங்களுடைய ஏஎம்4 வகைச் சாக்கெட்டில் 1331 பின்னும் ப்ராசசரிலேயே இருக்கும். லீவர் பின்களை மட்டும்தான் பிடிக்கும், காய்ந்த பேஸ்ட் அதைவிட இறுக்கமாகப் பிடிக்கும். முதலில் பத்து நிமிஷம் கேமை ஓடவிட வேண்டும். பேஸ்ட் இளகியதும் ஆஃப் செய்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமுமாகத் திருகி, வழுக்குகிறதா என்று பார்த்து அப்புறம் தூக்க வேண்டும். அதற்கு அடுத்து வந்த ஏஎம்5ல் இந்தப் பயம் கிடையாது. பின் எல்லாம் போர்டில் இருக்கிறது, ப்ராசசரை மேலிருந்து இரும்புச் சட்டம் அழுத்திப் பிடிக்கிறது. புதுப் பேஸ்ட் பூசுமுன் பழையதை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்தீர்களா? எனக்கும் ஒருமுறை இப்படியே வந்தது, நல்லவேளை பின் எதுவும் வளையவில்லை.

ஆவடி அப்பா:
பையனுக்கு முதல் கேமிங் பிசி. கடையில் அசெம்பிள் செய்தே கொடுத்தார்கள். கேமைத் திறந்து இரண்டு நிமிஷத்தில் 100, படம் திக்கித் திக்கி நகர்ந்தது. அவன் முகம் வாடியதைப் பார்க்க முடியாமல் நானே கழற்றினேன். கூலரின் செம்பு அடியில் வழவழப்பான பிளாஸ்டிக் தாள், மாட்டும் முன் உரிக்கச் சொல்லும் எழுத்தோடு அப்படியே இருந்தது. பேஸ்ட்டை அதன் மேலேயே அப்பியிருந்தார்கள்!

குளிர்காத்து:
90 என்றதும் எல்லோரும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்னுடையது ரைசன் 7 7700எக்ஸ். 2022ல் அந்த வரிசை வந்தபோதே, முழு லோடில் 95 வரை போகும்படிதான் வடிவமைத்திருக்கிறோம் என்று ஏஎம்டி சொல்லிவிட்டது. முதல் மே மாசம் நானும் தூங்காமல்தான் கிடந்தேன். பயாஸில், மின்சாரத்தைக் குறைத்து ஓட்டும் 65 வாட் ஈகோ மோடு போட்டேன். கேமில் வித்தியாசமே தெரியவில்லை, ஃபேன் இரைச்சல் அடங்கிவிட்டது. அறைச் சூட்டையும் கணக்கில் சேருங்கள். டிசம்பரில் 25 இருந்த அறை மே மாசம் 37 என்றால், அந்த 12 டிகிரியும் ஏறக்குறைய அப்படியே ப்ராசசரிலும் ஏறும்.

நெல்லைக்காரன்:
என்னுடையதற்கு 95தான் உச்சவரம்பே, குளிர்காத்து. வலோரண்ட்டுக்கே 90 வந்தால் சும்மா இருக்க முடியுமா? ஆவடி அப்பா, தாளை உரித்த பிறகு எவ்வளவு?

ஆவடி அப்பா:
68. மொட்டை மாடி அறை, ஏசி இல்லாமல்.