டைரக்‌ஷன் வேண்டாம், கதையை மட்டும் விற்க முடியுமா?

கரூர்க்காரன்:
ஒரு த்ரில்லர் கதை முழு ஸ்கிரிப்டாகத் தயாராக இருக்கிறது. டைரக்ட் செய்யும் ஆசை இல்லை. கதை, திரைக்கதை என்று பெயரும் சம்பளமும் வந்தால் போதும். ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் "மொத்தத்தையும் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பா போடுங்க, பார்த்துட்டு சொல்றோம்" என்கிறார்கள். அனுப்பலாமா? ஓடிடிக்கு நேரடியாகக் கொடுக்க வழி உண்டா?

சட்டப்புள்ளி:
வெறும் ஐடியாவுக்கு காப்பிரைட் கிடையாது. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கரு யாருக்கும் சொந்தமில்லை, அதை எழுதிய விதத்துக்குத்தான் பாதுகாப்பு. அதனால் எழுதி முடித்தது நல்லது. எழுதியதுமே உரிமை உங்களுடையது. பதிவு என்பது அதற்கான சாட்சி. மத்திய காப்பிரைட் அலுவலகத்தில் இலக்கியப் படைப்பாக ஆன்லைனில் பதியலாம், கட்டணம் 500 ரூபாய். கட்டியதும் டைரி எண் (விண்ணப்பத்துக்கான எண்) வரும். அதன்பின் ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு. திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அங்கேயும் பதியுங்கள். உங்களுக்கு நீங்களே ரிஜிஸ்டர் தபால் அனுப்பி, கவரைப் பிரிக்காமல் வைக்கும் பழைய வழியை நம்ப வேண்டாம்.

வாட்ஸ்அப் வேண்டாம், மெயிலில் அனுப்புங்கள். "பரிசீலனைக்காக மட்டும், ரகசியமாகத் தரப்படுகிறது" என்று ஒரு வரி சேருங்கள். இது சும்மா சம்பிரதாயம் இல்லை. ஒரு டிவி சுயம்வர நிகழ்ச்சியின் கான்செப்டை நம்பிக்கையின் பேரில் சேனலிடம் சொன்னவருக்கு, 2002-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த அடிப்படையில் இடைக்காலத் தடை கொடுத்தது.

சீன் ஆர்டர்:
முழு ஸ்கிரிப்டை முதலிலேயே தூக்கிக் கொடுக்காதீங்க ப்ரோ. படிக்கவும் மாட்டாங்க. ஒரு பக்க சினாப்சிஸ் (கதைச் சுருக்கம்) போதும், அதில் க்ளைமாக்ஸ் கட்டாயம் இருக்கணும். "மீதி நேரில்"னு முடிச்சா அங்கேயே மூடி வெச்சிடுவாங்க.

ஒன்லைன், அதாவது கதையை ஒரே வரியில் சொல்றது, எப்படின்னா: "தப்புப் பண்ணவனை ஒருத்தன் பழிவாங்குறான்" இது வேலைக்கு ஆகாது. "ஒரு பத்திர எழுத்தர் எழுதின போலிப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து போட்டவங்க வரிசையா சாகுறாங்க, அடுத்த கையெழுத்து அவர் மகனோடது." ஆளு, ஆபத்து, அவசரம் மூணும் வந்தாச்சு.

நேரில் கூப்பிட்டா தயாரிப்பாளருக்கு அரை மணி நேரம். ஹீரோன்னா ரெண்டு மணி நேர முழு நரேஷன். நிறைய பேர் ஹீரோ இன்ட்ரோவிலயே கேமரா, பிஜிஎம் எல்லாம் சொல்லிப் பத்து நிமிஷத்தைக் கரைச்சிடுவாங்க. இன்டர்வல் வரும்போது எதிரே இருக்கிறவர் போனைப் பார்த்துட்டு இருப்பார்.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம். இங்கே டைரக்டர்கள் பெரும்பாலும் சொந்தக் கதையோடதான் வர்றாங்க. தயாரிப்பாளர் முதல்ல கேட்கிறது "டைரக்டர் யாரு?" அதனால ஒரு படம் முடிச்சிட்டு அடுத்த கதைக்கு அலையுற டைரக்டரைப் பிடிங்க. அவர் கூட்டிட்டுப் போனா கதவு திறக்கும்.

எட்டு எபிசோடு:
ஓடிடி பக்கம்: நெட்ஃப்ளிக்ஸ் முன்பின் தெரியாதவர் அனுப்பும் கதைகளை வாங்குவதே இல்லை. அவர்களோடு வேலை பார்க்கும் தயாரிப்பாளர் அல்லது ஏஜென்ட் வழியாகத்தான் போக வேண்டும். கையில் சீரிஸ் பைபிள் (கதை உலகம், பாத்திரங்கள், கதைப்போக்கு எல்லாம் விளக்கும் 10–15 பக்கம்), முதல் எபிசோடின் முழு ஸ்கிரிப்ட், மற்ற எபிசோடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி வேண்டும். இரண்டு மணி நேரக் கதையை எட்டாக வெட்டினால் சீரிஸ் ஆகாது. மூன்றாவது எபிசோடிலேயே சரக்கு தீர்ந்துவிடும்.

கரூர்க்காரன்:
நன்றி. "அட்வான்ஸ் வாங்கிக்கோங்க, பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால்?

சட்டப்புள்ளி:
பேப்பர் முதலில். எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இல்லாமல் உரிமை மாறாது (காப்பிரைட் சட்டம், பிரிவு 19). காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஒரு வருடம் பயன்படுத்தாவிட்டால் உரிமை தானாகத் திரும்பும், ஆனால் "வேறுவிதமாகக் குறிப்பிடாவிட்டால்" என்று சட்டத்திலேயே இருக்கிறது. அந்த வேறுவிதத்தைத்தான் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் நுழைப்பார்கள். அதை நீக்கச் சொல்லுங்கள்.

ரீமேக், டப்பிங், வெப் சீரிஸ் உரிமைகளைத் தனித்தனியாகப் பேசுங்கள். டைட்டில் கார்டில் பெயர் எப்படி வரும் என்பதை அப்படியே வாசகமாக எழுத வைக்கவும். தியேட்டர் தவிர்த்த பயன்பாடுகளின் ராயல்டிப் பங்கை 2012 திருத்தத்துக்குப் பிறகு நீங்களே விட்டுக்கொடுத்தாலும் செல்லாது.

உங்களுக்கு வர வேண்டிய கடைசித் தவணையை ரிலீஸோடு இணைக்காதீர்கள். எடுத்து முடித்துப் பெட்டியில் கிடக்கும் படங்கள் ஏராளம். ஷூட்டிங் முதல் நாளுக்குள் முழுத் தொகையும் வர வேண்டும். இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஒரு செட் அன்றே கைக்கு வரணும். "ஆடிட்டர்கிட்ட இருக்கு, நாளைக்குத் தர்றோம்" என்றால் அதுவரை செக்கை பேங்கில் போடாதீர்கள்.