பொருள்: கேண்டலாப்ரா: சரவிளக்கும் இல்லை, குத்துவிளக்கும் இல்லை, பின்னே?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய வெள்ளி, பித்தளைச் சாமான்களை இன்றைய வீட்டில் எங்கே, எப்படி வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று சொல்லும் ஒரு நூலுக்குப் படக்குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் படத்திலேயே இடறிவிட்டது. உணவு மேசை நடுவில் ஒரு கேண்டலாப்ரா. ஒரே தண்டு, அதிலிருந்து வளைந்து பிரியும் கைகள், கைக்கு ஒரு மெழுகுவர்த்தி. நண்பர் ஒருவர் 'சரவிளக்கு' என்று போடச் சொன்னார். ஆனால் மறுபக்கத்தில் கூரையிலிருந்து தொங்கும் ஷாண்டிலியர் வருகிறது. சரவிளக்கை அதற்குக் கொடுத்தாகிவிட்டது.

கூடவே இன்னும் மூன்று சிக்கல்கள்: ஆன்டிக், வின்டேஜ் இரண்டுக்கும் 'பழங்கால' என்றே எழுதலாமா? பழைய உலோகத்தில் காலப்போக்கில் படியும் பட்டினாவுக்கு என்ன சொல்? மெழுகு ஒழுகி மேசையில் விழாமல் வர்த்தியின் அடியில் மாட்டும் சிறு வளையத் தட்டுக்கு?

கை கொடுங்கள்.

*

மறு: கேண்டலாப்ரா

ஐயா, சரம் என்றால் கோத்தது, தொங்குவது. பூச்சரம், மணிச்சரம். மேசையில் நிற்பது சரமாகாது. குத்துவிளக்கும் வேண்டாம். அதில் எண்ணெயும் திரியும் தட்டிலேயே இருக்கின்றன, தாங்குவதும் எரிவதும் ஒன்றே. நீங்கள் சொல்லும் பொருளில் எரிவது வேறு, தாங்குவது வேறு. லத்தீனில் கேண்டேலா என்பது மெழுகுவர்த்தி, அதைத் தாங்குவது கேண்டலாப்ரம். கேண்டலாப்ரா அதன் பன்மை. ஆங்கிலத்தில் அந்தப் பன்மையையே ஒருமையாக்கிப் புழங்குகிறார்கள். நாம் அந்தக் குழப்பத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

என் முன்மொழிவு: பல்கவர் மெழுகேந்தி. கவர் என்றால் கிளை.

'ஏந்தி' சங்க நூலான நெடுநல்வாடையிலிருந்து வருகிறது. "யவனர் இயற்றிய வினைமாண் பாவை கையேந்து ஐயகல்". பாண்டியன் அரண்மனைக்குள் யவனர் செய்த பாவை ஒன்று அகல் ஏந்தி நிற்கிறது. அயல்நாட்டு விளக்கை வீட்டுக்குள் அழகுக்கு வைப்பது நமக்கு நேற்று வந்த பழக்கமில்லை. 'ஐயகல்' என்பதை ஐந்து அகல் என்று கொண்டால் அதுவே கேண்டலாப்ரா ஆகிவிடாதா என்றுகூட ஓர் ஆசை வருகிறது.

*

மறு: மறு: கேண்டலாப்ரா

வணக்கம் அண்ணா.

ஆசைக்குத் தடை போடுவதற்கு மன்னிக்கவும். அந்த 'ஐ' எண் இல்லை. 'ஐ வியப்பாகும்' என்று தொல்காப்பிய உரியியல் சொல்லுது. வியக்கத்தக்க ஓர் அகல், அவ்வளவுதான்.

> பல்கவர் மெழுகேந்தி

மெழுகுதல் எண்டால் எங்கட அம்மம்மாவுக்கு நிலம் மெழுகிறதுதான் நினைவு வரும். மெழுகேந்தி எண்டால் சாணி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து வைப்பா. இலங்கையில நாங்கள் மெழுகுதிரி எண்டு சொல்லுவம். அதில 'திரி' கிடக்கிறதால மயக்கம் இல்லை.

இன்னொன்று. நாம் தேடுற சொற்கள் தமிழ் விவிலியத்தில எப்பவோ வந்திட்டுது. மத்தேயு 5:15இல் கொளுத்திய விளக்கை வைக்கிறது 'விளக்குத்தண்டின்மேல்'. யாத்திராகமம் 25இல் மோசே செய்விக்கிற ஏழு சுடர் விளக்கைக் குத்துவிளக்கு எண்டுதான் மொழிபெயர்த்திருக்கினம், ஆனால் அதன் பக்கங்களில் ஆறு 'கிளைகள்'. தண்டு இருக்கு, கிளை இருக்கு. சேர்த்துக் 'கிளைத்தண்டு' எண்டால் என்ன?

*

மறு: மறு: மறு: கேண்டலாப்ரா

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். அக்கா சொன்ன 'கிளை' அருமை, 'தண்டு'தான் இடிக்கிறது. நான் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன். 'மேசைமேல் ஒரு கிளைத்தண்டு' என்றால் என் மாணவர்கள் முருங்கைக் கொம்பைத்தான் தேடுவார்கள்.

தாங்குவது வேறு, எரிவது வேறு என்ற நுணுக்கமும் எனக்குத் தேவையாகப் படவில்லை. நாச்சியார்கோவிலில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் அடுக்கி விற்பதையும் விளக்கு என்றுதான் சொல்கிறோம். தூக்குவிளக்கு, பாவைவிளக்கு, சரவிளக்கு என்ற வரிசையில் 'கிளைவிளக்கு' என்று வைத்தால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம். எண்ணும் இயல்பாக ஒட்டும்: முக்கிளை விளக்கு, ஐங்கிளை விளக்கு. 'ஐந்து கவர் கொண்ட பல்கவர்' என்று திண்டாட வேண்டியதில்லை.

இங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக உண்டு. பங்காளிகள் பாகம் பிரிக்கும்போது பெரிய வீடுகளிலிருந்து வெளியே வரும் இனாமல் தூக்கு, பீங்கான் சாடி, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் அங்கே கிடைக்கும். கிளைவிளக்கைக் கேட்டால் 'கேண்டில் ஸ்டாண்டு' என்று எடுத்துக் கொடுப்பார்கள். கடைக்காரரைத் திருத்த நான் போகமாட்டேன், அச்சுக்கு மட்டும் சொல்கிறேன்.

வாங்கிய பிறகு நடப்பதுதான் வயிற்றெரிச்சல். வீட்டுக்குப் போனதும் புளி போட்டுத் தேய்த்து, புதுப் பாத்திரம் மாதிரி பளபளக்க வைத்துவிடுகிறார்கள். பட்டினா போய்விடும், விலையும் அதோடு போய்விடும். இதற்குத் தயவுசெய்து 'களிம்பு' என்று போடாதீர்கள். சைவ சித்தாந்தத்தில் செம்பில் களிம்புதான் ஆணவ மலத்துக்கு உவமை. நீக்க வேண்டியதைச் சொல்லும் சொல்லை, காக்க வேண்டியதற்கு வைத்தால் படிப்பவர் புளியைத்தான் எடுப்பார். 'முதுமெருகு' என்கிறேன். மெருகு என்றாலே யாருக்கும் தேய்க்க மனம் வராது.

வெள்ளியிலும் இதே கதை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு தகடு 1743இல் வந்தது. செம்பின்மேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூட்டில் ஒன்றாக்கி அடித்த தகடு அது. 1840க்குப் பிறகு மின்முலாம் பரவியதும் அந்த வேலை ஒடுங்கிவிட்டது. பழைய ஷெஃபீல்டு சாமானில் முனைகளில் வெள்ளி தேய்ந்து செம்பு எட்டிப்பார்க்கும். சேகரிப்போருக்கு அதுவும் ஓர் அடையாளம். ஆகவே படக்குறிப்பில் இரண்டுக்கும் 'வெள்ளி முலாம்' என்று எழுதிவிடாதீர்கள். முன்னதற்கு 'வெள்ளித் தகடு ஒட்டிய செம்பு' என்று நீட்டியே எழுதலாம். எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல் வேண்டும் என்று யார் அடம்பிடிக்கிறார்கள்?

ஆன்டிக், வின்டேஜ் பற்றி. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டு ஆன சிலை, ஓவியம், கைவினைப் பொருள் போன்றவை தொன்மைப் பொருள்கள். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சட்டம் தொடும் சொல் என்பதால் அதைக் கண்டபடி தூவக் கூடாது. 'தொல்பொருள்' என்றால் அகழாய்வுக் குழி நினைவுக்கு வருகிறது. ஆன்டிக்குக்கு 'முதுபொருள்' போதும். வின்டேஜ் திராட்சை அறுவடையிலிருந்து வந்த சொல், நமக்கு அந்தத் தோட்டம் இல்லை. எங்கள் வீடுகளில் தாத்தாவை ஐயா என்போம், 'ஐயா காலத்துச் சாமான்' என்பது பேச்சு வழக்கு. உங்கள் பக்கம் 'தாத்தா காலத்து'. நூறு ஆகாதது தாத்தா காலத்துப் பொருள், நூறு தாண்டியது பூட்டன் காலத்துப் பொருள். கணக்குச் சரியாகத்தான் வருகிறது.

*

மறு: மறு: மறு: மறு: கேண்டலாப்ரா

வாத்தியார் ஐயாவுக்கும் தங்கைக்கும் நன்றி. கிளைவிளக்கு, முதுமெருகு, முதுபொருள் மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். பல்கவரைப் போட்டவருக்கு வருத்தம் வேண்டாம், பாவைக்கு வேறு படம் இருக்கிறது. 'தாத்தா காலத்து' எனக்குப் பிடித்திருக்கிறது. பதிப்பாசிரியர் பேச்சுவழக்கு என்று அடித்தால் சண்டை போடுவேன்.

ஒழுகும் மெழுகைப் பிடிக்கும் வளையத்துக்கு யாரும் சொல்லவில்லை. நானே 'சொட்டுத்தட்டு' என்று வைத்துக்கொண்டேன். அது இல்லாமல் நம் ஊரில் கிளைவிளக்கு ஏற்றவே முடியாது. மின்விசிறிக் காற்றில் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெழுகு ஒரு பக்கமாகவே வழிகிறது. கூரையில் தொங்கும் பங்கா என்ற துணிவிசிறியை ஆள் வைத்து இழுத்த காலத்திலேயே இந்த வம்பு இருந்திருக்கிறது. ஆங்கிலேயர் வீடுகளில் சுடரைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு போட்டது அதனால்தான்.

நூலில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சில வெள்ளிக் கிளைவிளக்குகளின் அடிப்பாகம் உள்ளே கூடு. சாயாமல் நிற்கக் கனத்துக்குப் பிசினோ தாரோ ஊற்றி அடைத்திருப்பார்கள். மெழுகை எடுக்கக் கொதிநீரில் முக்கினால் அது இளகிவிடும். இதற்குப் புதுச்சொல் தேடவே இல்லை. நம் தட்டார்கள் கூடான நகைக்குள் அரக்கு அடைப்பார்கள், 'அரக்கு அடைத்த அடி' என்று எழுதிவிட்டேன்.

முதல் படக்குறிப்பு இப்படிப் போகிறது. குறை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அதன் பிறகு அச்சுக்குப் போய்விடும்:

"கண்ணாடிக்கு முன்னால் ஓர் இணை ஐங்கிளை விளக்கு. பத்துச் சுடர் இருபதாகத் தெரியும். முதுமெருகு கலையாமல் மெல்லிய துணியால் துடைத்தால் போதும். சொட்டுத்தட்டுகள் தாத்தா காலத்தவை, விளக்கு அதற்கும் மூத்தது."