கேஎல்எக்ஸ் 230-ஐ ஸ்பிட்டிக்கு எடுத்துப் போகும் டூரிங் வண்டியாக மாற்றுவது சரியா?

காற்றுவழி (தேனி):

வணக்கம். என்னிடம் கவாசாகி கேஎல்எக்ஸ் 230 இருக்கிறது. போடி, கம்பம் பக்கம் தெரிந்தவர்களின் எஸ்டேட் மண்பாதைகளில் ஓட்டத்தான் வாங்கினேன். வரும் செப்டம்பரில் மணாலியிலிருந்து சத்ரு, பாத்தல், குன்சும் கணவாய் வழியாக இமாச்சலின் ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் இருக்கும் காசா போய், கின்னௌர் பக்கம் இறங்க ஆசை. சொல்கிற எல்லோரும் "வேற வண்டி எடு" என்கிறார்கள். எனக்கு இதே வண்டியைத் தயார் செய்து ஓட்ட வேண்டும்.

வண்டி எடை 139 கிலோ. டேங்க் 7.6 லிட்டர். சீட் உயரம் 880 மி.மீ. பெரிய டேங்க், அலுமினியப் பெட்டி இரண்டு, விண்ட்ஷீல்டு, சீட் வேலை, பேஷ் பிளேட் (என்ஜினுக்கு அடியில் போடும் காப்புத் தகடு), ஹேண்ட் கார்டு, கூடுதல் லைட், முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல் அதிகம் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். எதைச் செய்யலாம், எதை விடலாம்?

நெடுவழி_சேலம்:

தம்பி, இதில் எதற்கும் பணம் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் பட்டியலில் பாதிக்கு மேல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இல் கம்பெனியிலிருந்தே வருகிறது. 17 லிட்டர் டேங்க், விண்ட்ஸ்கிரீன், என்ஜினுக்கு அடியில் கார்டு, நாள் முழுக்க உட்காரக்கூடிய சீட். நான் அதைத்தான் ஓட்டுகிறேன்.

பவர் கணக்கையும் பாருங்கள். குன்சும் ஏறக்குறைய 4,550 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. டர்போ இல்லாத எந்த என்ஜினும் அந்த விகிதத்தில் பலம் இழக்கும். உங்கள் 18 பிஎஸ் (குதிரைத்திறன்) அங்கே 11 ஆகிவிடும். என் 40 பிஎஸ் 25-க்கு இறங்கும். 25 வைத்துக்கொண்டு ஏறுவதும் 11 வைத்துக்கொண்டு ஏறுவதும் ஒன்றா? அதற்கு முன்னால் தேனியிலிருந்து மணாலி வரை இருக்கிற நெடுஞ்சாலையை எண்ணிப் பாருங்கள். 80 கி.மீ. வேகத்துக்கு மேல் அந்த என்ஜினை நாள் முழுக்கப் பிழிந்தால் உங்கள் கையும் இடுப்பும் என்ன ஆகும்?

செங்காந்தள் (மதுரை):

நெடுவழி அண்ணா, உங்கள் வண்டி 196 கிலோ. லக்கேஜோடு 220-ஐத் தாண்டும். பாத்தலுக்கு முன்னால் வரும் நீரோடைகளில் உருண்டைக் கற்கள் மேல் அந்த எடை சாய்ந்தால் தனி ஆளாகத் தூக்க முடியுமா? அந்த உயரத்தில் ஒரு தடவை தூக்கிவிட்டாலே மூச்சு திரும்ப ஐந்து நிமிடம் ஆகும். இரண்டாவது தடவை விழுந்தால் யாராவது வரும்வரை தண்ணீரில் நிற்க வேண்டியதுதான். நான் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி ஓட்டுகிறேன், அது 158 கிலோ சொச்சம். அதுவே சேற்றில் படுத்துவிட்டால் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. இலகுவான வண்டி வேண்டும் என்று காற்றுவழி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் காற்றுவழி, அந்த அலுமினியப் பெட்டியை மறந்துவிடுங்கள். சேற்றில் கால் ஊன்றும்போது பெட்டியின் முன்விளிம்பு கெண்டைக்காலில் வந்து இடிக்கும். வண்டி சாய்ந்தால் பெட்டிக்கும் தரைக்கும் நடுவில் கால் மாட்டும். காலை மடக்கி இழுக்கவும் இடம் இருக்காது.

நெடுவழி_சேலம்:

பெட்டியில் பூட்டு இருக்கிறது அம்மா. தாபாவில் சாப்பிடும்போது துணிப்பையை யார் காவல் காப்பது?

செங்காந்தள்:

பையை வண்டியிலிருந்து இரண்டு பக்கிளில் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன் அண்ணா. பூட்டுக்காக என் காலைப் பணயம் வைக்க மாட்டேன்.

ஸ்பேனர்13 (கோவை):

எனக்குப் பட்டறை இருக்கிறது. இந்த மாதிரி வேலை அடிக்கடி வரும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பவர். நெடுவழி சொன்ன எண்கள் சரி. ஆனால் சத்ருவுக்கும் பாத்தலுக்கும் நடுவில் யாரும் 15, 20 கி.மீ. வேகத்துக்கு மேல் போவதில்லை. அந்த வேகத்துக்கு 25 பிஎஸ் தேவையே இல்லை. தேவைப்படுவது தாழ்ந்த கியரும் குறைந்த எடையும். அதனால்தான் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டுவதை வேண்டாம் என்கிறேன். முன்னால் ஒரு பல் கூட்டுவது பின்னால் ஏறக்குறைய மூன்று பல் குறைப்பதற்குச் சமம். சமவெளியில் என்ஜின் அமைதியாக ஓடும், சரி. ஏற்கெனவே மூச்சு வாங்கும் இடத்தில் முதல் கியர் நீளமாகிவிட்டால் கிளட்ச்சை வழுக்கி வழுக்கி ஏற வேண்டிவரும். அரை மணி நேரத்தில் கிளட்ச் வாடை அடிக்கும்.

அடுத்தது பட்டியலில் இல்லாத ஒன்று, பின் ஸ்பிரிங். எல்லோரும் பையும் லைட்டும் வாங்குகிறார்கள், ஸ்பிரிங்கைத் தொடுவதில்லை. இந்த வகை வண்டிக்கு ஸ்பிரிங் போடும்போது ஒரு ஆள், லக்கேஜ் இல்லை என்று நினைத்துத்தான் போடுகிறார்கள். பின்னால் 20 கிலோ ஏற்றினால் வால் தாழும், முன்சக்கரம் லேசாகும், ஹேண்டில் அலையும். ப்ரீலோடைத் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் திருகு) திருகினால் சரியாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ப்ரீலோடு வண்டி நிற்கும் உயரத்தை மட்டும்தான் மாற்றும், ஸ்பிரிங் அதே மென்மையோடுதான் இருக்கும். குழியில் இறங்கியதும் மறுபடி அடி தட்டும்.

மூன்றாவது சப்ஃபிரேம். சீட்டுக்கு அடியில் பின்னால் நீளும் அந்தக் குழாய்கள் கனமான லக்கேஜைத் தாங்க வடிவமைத்தவை அல்ல. ரேக்கின் கடைசி நுனியில் கனமான பையைக் கட்டி நாள் முழுக்கக் குலுக்கினால் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் வரும். முதலில் பெயின்ட் ஒரு கோடாக உரியும், அங்கே துரு கசியும். அதைக் கண்டால் உடனே லக்கேஜை இறக்குங்கள். குழாய் இரும்பாக இருந்தால் எந்த ஊரிலும் வெல்டிங் வைத்துவிடலாம். அலுமினியம் என்றால் அதற்கான ஆள் கிடைக்கிற ஊர் வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

கனமான சாமான் எல்லாம் ஆள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், தாழ்வாக வரட்டும். டூல்ஸை பேஷ் பிளேட் ஓரம் கட்டலாம். குதிரைச்சேணம் போல சீட்டின் இரண்டு பக்கமும் தொங்குகிற பைகள் ரைனாக்ஸ், வயாடெர்ரா என்று நம் நாட்டுக் கம்பெனிகளிலேயே கிடைக்கின்றன. சைலன்சர் பக்கம் தகடு வைத்து, அதற்கும் பைக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் விடுங்கள். சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போதும் அந்த இடைவெளி இருக்க வேண்டும். நின்ற வண்டியில் பார்த்துவிட்டு, ஓடும்போது பையை உருக்கிக்கொண்டு வந்தவர்கள் நிறையப் பேர்.

மெல்பர்ன்_தமிழ்:

இங்கே இந்த மாற்றம் பல காலமாக நடக்கிறது, அசெர்பிஸ், சஃபாரி மாதிரிப் பெரிய பிளாஸ்டிக் டேங்க் செய்பவர்களே தனியாக இருக்கிறார்கள். ஹோண்டா ஒரே என்ஜினில் இரண்டு வண்டி விற்கிறது. சிஆர்எஃப்300எல் 142 கிலோ, 7.8 லிட்டர் டேங்க். அதையே டூரிங்குக்கு மாற்றியது சிஆர்எஃப்300 ரேலி: 153 கிலோ, 12.8 லிட்டர் டேங்க், பெரிய விண்ட்ஸ்கிரீன். தொழிற்சாலையில் ஒவ்வொரு கிராமையும் கணக்குப் பார்த்துச் செய்கிறவர்களுக்கே 11 கிலோ கூடுகிறது. நாம் கடையில் வாங்கிப் பூட்டினால் 20-ஐத் தாண்டாமல் நிறுத்துவது பெரிய காரியம்.

இது புதிய யோசனையும் கிடையாது. 1979-இல் முதல் பாரிஸ்–டாக்கர் பந்தயத்தில் சிரில் நெவு ஜெயித்தது யமஹா எக்ஸ்டி500-இல்தான். மண்பாதைக்குச் செய்த வண்டி அது. பிறகு 1983-இல் யமஹாவே 30 லிட்டர் டேங்கோடு எக்ஸ்டி600 டெனரேயைக் கொண்டுவந்தது.

நெடுவழி_சேலம்:

நீங்கள் சொல்வது என் கட்சிக்குத்தான் பலம். மாற்றி மாற்றிக் கடைசியில் கம்பெனிகளே பெரிய டேங்க், பெரிய கண்ணாடி என்று வந்து நின்றுவிட்டன. அதைத்தானே நானும் வாங்கச் சொல்கிறேன்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்பிட்டிக்கு வருடத்துக்கு ஒரு தடவை போவீர்கள். மீதி நாட்கள் தமிழ்நாட்டில். இங்கே 250 மி.மீ. மேலும் கீழும் அசையும் சஸ்பென்ஷனை வைத்துக்கொண்டு எங்கே போவீர்கள்? காட்டுப் பாதை எல்லாம் வனத்துறையுடையது. அனுமதி இல்லாமல் ரிசர்வ் காட்டுக்குள் வண்டி விட்டால் வழக்கு. விடவும் கூடாது, அது யானை நடக்கும் பாதை. மிச்சம் இருப்பது கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறையின் 40. இரண்டும் நல்ல தார்ச்சாலை.

காற்றுவழி:

அண்ணே, காட்டுக்குள் விடக் கூடாது என்பதில் எனக்கும் இரண்டாவது கருத்து இல்லை. நான் ஓட்டுவது உரிமையாளர் சம்மதத்தோடு எஸ்டேட் பாதைகளில். ஜல்லி பெயர்ந்த ஏற்றம், மழைக்கு அறுத்துப்போன வாய்க்கால், ஒரு ஆள் அகலத்துக்கு மட்டும் பாதை. அங்கே ஹிமாலயனைத் திருப்பவே இடம் கிடையாது. வருடம் முழுக்க அந்தப் பாதையில் கையும் காலும் பழகிய வண்டி இது. அதை வீட்டில் நிறுத்திவிட்டு, வாழ்க்கையிலேயே கஷ்டமான பாதைக்குப் பழகாத, 57 கிலோ அதிகமான வண்டியில் போகச் சொல்வதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நெடுவழி_சேலம்:

இது ஒரு நியாயமான காரணம். மறுக்கவில்லை. அந்த ஊருக்குப் போய்ச் சேர்வது எப்படி?

செங்காந்தள்:

ரயிலில் ஏற்றலாமே அண்ணா. சென்னையிலிருந்து டெல்லிக்கோ சண்டிகருக்கோ லக்கேஜாக அனுப்பலாம். டேங்கைச் சொட்டு இல்லாமல் காலி செய்ய வேண்டும். ஆர்சி, அடையாள அட்டை நகல் வேண்டும். ஸ்டேஷன் வாசலிலேயே சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடி, லீவர் இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஹேண்ட் கார்டைக் கழற்றாதீர்கள். நெடுஞ்சாலை போய்விட்டால் ஸ்ப்ராக்கெட், பெரிய விண்ட்ஷீல்டு இரண்டும் பட்டியலிலிருந்து போய்விடும்.

நெடுவழி_சேலம்:

ரயிலில் அனுப்பிவிட்டு அதை டூரிங் என்பதா? எனக்கு மனசு ஒப்பவில்லை. நெடுஞ்சாலையும் பயணம்தான். நாக்பூர் வெயிலும் பயணம்தான்.

செங்காந்தள்:

உங்களுக்கு அது பிடிக்கும், உங்கள் வண்டி அதற்குப் பொருத்தம். கேஎல்எக்ஸின் குறுகிய சீட்டில் நாக்பூர் வெயில் எனக்கு வேண்டாம்.

ஸ்பேனர்13:

பெட்ரோல் கணக்கையும் முடித்துவிடலாம். மணாலியிலிருந்து காசா ஏறக்குறைய 200 கி.மீ., நடுவில் பங்க் கிடையாது. 7.6 லிட்டர், சமவெளியில் லிட்டருக்கு 30 என்றால் 228 கி.மீ. வரும். முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஏறும்போது 25-க்கு இறங்கினால் 190 தான். சந்திரதால் ஏரிக்கும் போய் வந்தால் இன்னும் 25, 30 கி.மீ. கூடும். ஆக 3 லிட்டர் கூடுதலாக வேண்டும், எடை இரண்டேகால் கிலோ. அதற்காக வெளிநாட்டு டேங்க் வரவழைக்க வேண்டாம். பெட்ரோலுக்கென்றே செய்த கெட்டியான கேன் ஒன்று போதும், தண்ணீர் பாட்டில் வேண்டவே வேண்டாம். பல பங்கில் கேனில் ஊற்ற மாட்டார்கள். டேங்கை நிரப்பிக் கொஞ்ச தூரம் போய், கேனுக்கு மாற்றிவிட்டுத் திரும்ப வந்து நிரப்புவதுதான் வழக்கம்.

நெடுவழி_சேலம்:

அந்தக் கேனை எங்கே கட்டுவீர்கள்? சைலன்சர் பக்கம் கட்டிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். வெயிலில் கேன் உப்பி, மூடி ஓரமாகக் கசிந்து, பை முழுக்கப் பெட்ரோல் வாடை. நல்லவேளையாகப் பற்றிக்கொள்ளவில்லை. இந்த ஒரு விஷயத்துக்காகவே என் 17 லிட்டர் டேங்கை நான் விட்டுத்தர மாட்டேன்.

ஸ்பேனர்13:

சரியான எச்சரிக்கை. சைலன்சருக்கு எதிர்ப்பக்கம், தாழ்வாக. ஸ்பிட்டி ரோடு பிரியும் கிராம்ஃபு தாண்டியதும் டேங்கில் இடம் வரும், அங்கேயே கேனைக் கொட்டிவிடுங்கள். அதற்கு மேல் காலிக் கேன்தான் உங்களோடு வரும்.

கூடுதல் லைட்டும் வேண்டாம். இரவில் அந்த ரோட்டில் ஓட்டவே கூடாது, மதியத்துக்கு மேல் பனி உருகி ஓடைகளில் தண்ணீர் ஏறிவிடும். விடிந்ததும் கிளம்பி ஓடைகளைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள். அந்த லைட் காசைச் சீட்டில் போடுங்கள். சீட் கடையில் பழைய ஃபோமைச் சீவிவிட்டு, கெட்டியான ரீபாண்டட் ஃபோமை (துண்டு ஃபோமை ஒட்டி அழுத்திச் செய்தது) தொடை படுகிற இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் அகலப்படுத்தச் சொல்லுங்கள். முன்பக்கம் குறுகலாகவே இருக்கட்டும், இல்லையென்றால் கால் தரைக்கு எட்டாது.

டியூப் டயர் என்பதால் டயர் கழற்றும் லீவரும் பம்பும் கட்டாயம். 21 இன்ச் டியூப் ஒன்று மட்டும் எடுத்தால் போதும், அவசரத்துக்கு 18 இன்ச் பின்சக்கரத்திலும் திணித்து ஓட்டலாம். வீட்டு வாசலில் ஒரு தடவை டயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ரேக், பை, கார்டு போடுவதால் ஆர்சி விவரம் எதுவும் மாறாது. சைலன்சரை மாற்றாதீர்கள்.

காற்றுவழி:

பட்டியல் சின்னதாகிவிட்டது: சேணப்பை, சீட், பேஷ் பிளேட், ஹேண்ட் கார்டு, 3 லிட்டர் கேன், டியூப், லீவர், பம்ப். துணிமணி, டூல்ஸ் சேர்த்து 18 கிலோவுக்குள் நிறுத்தப் பார்க்கிறேன். ஸ்பிரிங் மாற்றத்தான் வேண்டுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்பேனர்13:

பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டு வையுங்கள். ஆக்சிலிலிருந்து நேர் மேலே சீட்டுக்கு அடியில் ஒரு புள்ளி குறித்து அளவு எடுங்கள். பிறகு லக்கேஜ் எல்லாம் கட்டி, ஹெல்மெட், பூட்ஸோடு நீங்கள் ஏறி உட்காருங்கள், இன்னொருவர் அளக்கட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 80 மி.மீ. பக்கம் வர வேண்டும், அதாவது சஸ்பென்ஷன் அசையும் 250 மி.மீ.-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வரும்வரை ப்ரீலோடைத் திருகுங்கள். வந்ததும் நீங்கள் இறங்கி, லக்கேஜையும் இறக்கிவிட்டு வண்டியை மட்டும் அளந்து பாருங்கள். தன் எடையிலேயே 25, 30 மி.மீ. தாழ்ந்தால் ஸ்பிரிங் போதும். கொஞ்சமும் தாழாமல் விறைத்து நின்றால் ஸ்பிரிங் உங்கள் மொத்த எடைக்கு மென்மை, ஒரு படி கெட்டியானது வாங்க வேண்டும். மூன்று அளவையும் இங்கே எழுதுங்கள்.

நெடுவழி_சேலம்:

அளவோடு தேதியையும் எழுதுங்கள் தம்பி. செப்டம்பரில் நானும் அந்தப் பக்கம்தான். காசா பங்கில் சந்திப்போம். உங்களுக்கு முன்னால் நான் வந்து நிற்பேன்.