ஊர்க்குளத்து மீன்பாசி யாருக்கு? தாத்தா பெட்டியில் இருந்த ரசீதுகள் செல்லுமா?

வடவாற்றங்கரை:
வணக்கம். மன்னார்குடிப் பக்கம் சின்ன ஊர் எங்களுடையது. ஊர் நடுவில் ஒரு குளம், வடகரையில் மாரியம்மன் கோயில். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் குளத்து மீன்பாசியை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, கோயில்தான் ஏலம் விடுகிறது. சித்திரையில் தண்ணீர் இறங்கியதும் பிடிப்பார்கள், அந்தப் பணத்தில்தான் திருவிழாச் செலவு பாதி ஓடும். இந்த வருடம் திடீரென்று ஒரு அலுவலகத்திலிருந்து வந்து, குளம் சர்க்கார் புறம்போக்கு, மீன்பாசி ஏலம் நாங்கள்தான் விடுவோம் என்று கோயில் சுவரிலேயே நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

என் தாத்தா அந்தக் கோயிலுக்குத் தர்மகர்த்தாவாக இருந்தவர். அவருடைய தகரப் பெட்டியைக் குடைந்ததில் கிடைத்தவை: "மீன்பாசி குத்தகை" என்று மேலே எழுதிக் கட்டிய 14 ரசீதுகள், ஃபசலி (பழைய வருவாய்க் கணக்கு ஆண்டு) 1347 முதல் 1361 வரை, ஒரு வருடம் மட்டும் இல்லை. "குளம் வேலி 1 மா 3" என்று மையில் எழுதிய ஒரு பழுப்புத் தாள். அப்புறம் இன்னொரு தாள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை, மேலே நீளமாக ஒரே கோடு, அதில் கொக்கி கொக்கியாகத் தொங்கும் எழுத்து.

யூ.டி.ஆர் (நிலப் பதிவுகளைப் புதுப்பித்த திட்டம்) 'அ' பதிவேட்டில் குளம் 2.41.0 ஹெக்டேர், சர்க்கார் புறம்போக்கு என்றுதான் இருக்கிறது. என் கையில் இருப்பது போதுமா, இல்லை வீண் அலைச்சலா?

பழங்கணக்கு:
தம்பி, 30 வருடம் கிராமக் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், யூ.டி.ஆரை மட்டும் பார்த்துவிட்டு மனம் விடாதீர்கள். அது 1980-களில் அவசர அவசரமாக நடந்த வேலை. அதற்கு முந்தைய எஸ்.எல்.ஆர் (செட்டில்மெண்ட் நிலப் பதிவேடு), அதற்கும் முன்னால் 1920-களில் நம் ஜில்லாவில் நடந்த மறு செட்டில்மெண்ட் (நிலவரி மறுநிர்ணய) பதிவேடு, இரண்டுக்கும் நகல் போடுங்கள். பழைய பதிவேட்டில் இப்போதைய புல எண் இருக்காது, பழைய எண் இருக்கும். எதற்கு எது என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்த ஆள் ரிக்கார்டு ரூமில் ஒருவர் இருப்பார், அவரைப் பிடியுங்கள்.

இப்போது கணக்கு. ஒரு குழி 144 சதுரடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. உங்கள் தாளில் வேலி 1 மா 3, அதாவது 23 மா, 7 ஏக்கர் 60 சென்ட் வருகிறது. யூ.டி.ஆரில் 2.41 ஹெக்டேர் என்றால் 5 ஏக்கர் 95 சென்ட்தான், அது சரியாக 18 மா. ஆக 5 மா எங்கே போனது? ஆக்கிரமிப்பில் போயிருந்தால் இப்படி முழு மாவாகக் குறையாது, 4 குழி 7 குழி என்று பிசிறு நிற்கும். எனக்கென்னவோ அந்த 5 மா வேறு எண்ணில் தனியாக உட்கார்ந்திருக்கிறது என்றுதான் படுகிறது. கரையும் கோயில் இருக்கும் மேட்டுப் பகுதியுமாக இருக்கலாம்.

அது கோயில் மானியமாக, அதாவது கோயிலுக்கு இனாமாக விட்ட நிலமாக இருந்தால் இனாம் பதிவேட்டில் அகப்படும். 1858-இல் இனாம் கமிஷன் வைத்து, ஊர் ஊராக யாருக்கு என்ன மானியம், யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்று விசாரித்து எழுதிய பதிவேடு அது. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நகல் கேட்கலாம். ஊர்ப் பெயரைப் பழைய வட்டத்தோடு சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் அதே பெயரில் நாலு ஊர் இருக்கும்.

கொக்கி எழுத்து மோடி என்ற பழைய மராத்தி எழுத்தாக இருக்கும். மராட்டிய அரண்மனைக் கணக்கெல்லாம் அதில்தான் எழுதினார்கள். தஞ்சாவூரில் சரசுவதி மகாலிலோ தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ கேட்டுப் பாருங்கள், படிக்கத் தெரிந்தவரைக் காட்டுவார்கள். ஆனால் ராஜா கொடுத்த சாசனம் என்று கனவு காணவேண்டாம், பாதித் தாள்கள் நெல் கணக்காகத்தான் இருக்கும்.

குறுவைக்காரன்:
இதெல்லாம் வேலைக்கு ஆகாது அண்ணே. எங்கள் ஊரிலும் இதே கதைதான். பேப்பரைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம், நாலு வருடம் ஏலம் அவர்கள்தான் விட்டார்கள், மீனும் போச்சு, வக்கீல் ஃபீஸும் போச்சு. பேசாமல் ஏலத்தில் ஊர் சார்பாக ஒருவரை நிறுத்தி எடுத்துவிடுங்கள்.

அரசலாறு:
குறுவைக்காரன் சொல்வதைத் தள்ளிவிட முடியாதுதான், ஆனால் ஏலத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அவர்களிடம் குத்தகை எடுத்தால், குளம் உங்களுடையது அல்ல என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். எடுப்பதானாலும் "எங்கள் உரிமைக்குப் பங்கமில்லாமல்" என்று ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டு எடுங்கள்.

நான் சிவில் பக்கம் வக்கீல். நிலம் யாருடையது என்பதும் மீன் பிடிக்கும் உரிமை யாருக்கு என்பதும் ஒன்றல்ல. 2சி பட்டா தெரியும்தானே? நிலம் புறம்போக்குதான், ஆனால் அதில் நிற்கும் புளியமரத்தின் காய் ஒருவருக்கு. மீனும் அப்படித்தான். சில்கா ஏரி மீன் விஷயமாக ஆனந்த பெஹரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1955-இலேயே சொல்லிவிட்டது, அடுத்தவர் நீரில் இறங்கி மீன் பிடித்துப் போகும் உரிமை என்பது அசையாச் சொத்து, 100 ரூபாய்க்கு மேல் விற்பதென்றால் பதிவு செய்தாக வேண்டும் என்று. அதனால் வாய்ப்பேச்சிலும் வெள்ளைத்தாளிலும் இது கைமாறாது. நீண்ட கால அனுபவம் என்று வாதாடுவதானால், 1882 வசதியுரிமைச் சட்டப்படி தனியார் நிலத்தில் 20 வருடம், சர்க்கார் நிலத்தில் 30 வருடம், தடையில்லாமல், உரிமையோடு அனுபவித்ததைக் காட்ட வேண்டும். கேட்டு வாங்கி அனுபவித்தது கணக்கில் வராது.

30 வருடத்துக்கு மேற்பட்ட பழைய தாள் என்றால், இருக்கவேண்டிய இடத்தில் இருந்து வந்திருந்தால், கையெழுத்தை நிரூபிக்காமலே கோர்ட் உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். தர்மகர்த்தா வீட்டுப் பெட்டி சரியான இடம்தான். பழைய கடையில் 200 ரூபாய்க்கு வாங்கினேன் என்று சொன்னால்தான் சிக்கல்.

இப்போது முக்கியமான கேள்வி. அந்த ரசீதுகளில் பணம் கொடுத்தது யார், வாங்கியது யார்? கோயில் வாங்கியிருந்தால் ஒரு கதை. கோயில் சர்க்காருக்குக் கட்டியிருந்தால் அந்தப் பெட்டியை எதிர்த்தரப்பு வக்கீலிடமே கொடுத்துவிடலாம்!

வடவாற்றங்கரை:
இதை நான் பார்க்கவே இல்லை. நேற்று ராத்திரி எல்லாவற்றையும் பாயில் பரப்பி ஒவ்வொன்றாகப் படித்தேன். 11 ரசீதுகளில் பணம் வாங்கியது கோயில், கொடுத்தது பக்கத்து ஊரிலிருந்து வலை கொண்டுவரும் ஒரே குடும்பம், தாத்தா கையெழுத்து இருக்கிறது. மூன்றில் மட்டும், ஃபசலி 1352, 53, 54, தாலுகா கச்சேரி (அலுவலகம்) முத்திரை. கோயில் பணம் கட்டியிருக்கிறது. வயிற்றைக் கலக்கிவிட்டது.

பழங்கணக்கு:
ஃபசலியோடு 590 கூட்டுங்கள். 1352 என்றால் 1942 ஜூலையில் தொடங்கும் வருடம். அந்த மூன்று ரசீதிலும் தலைப்பு என்ன என்று பார்த்து எழுதுங்கள். மீன்பாசி என்றே இருக்கிறதா, இல்லை வேறு ஏதாவதா? கச்சேரியில் கட்டியதெல்லாம் குத்தகை ஆகாது. கரையில் நின்ற மரத்துக்கு வரி கட்டியிருக்கலாம்.

கொள்ளிடம் தாண்டி:
ஊர் கும்பகோணம், இப்போது பிழைப்பு வேல்ஸில், ஸ்வான்சீயில். இந்த ஊர் வழக்கு ஒன்று அப்படியே உங்கள் கதை மாதிரி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

இங்கே பக்கத்தில் கோவர் என்று ஒரு நிலப்பகுதி. 1203-இல் ஜான் மன்னர் அதை வில்லியம் டி பிரியோஸ் என்ற பிரபுவுக்குக் கொடுத்தார். பின்னாளில் அந்த உரிமை போஃபோர்ட் பிரபுக்களிடம் வந்து சேர்ந்தது. 1849-இல் ஸ்வான்சீ நகரசபையோடு தகராறு: கடல் ஏறி இறங்கும் அந்தக் கரைச்சேறு யாருக்கு? பழைய சாசனம் பொத்தாம்பொதுவாக எழுதியது, கரை அதில் அடங்குமா என்று தெளிவில்லை. சாசனம் சொல்லாததைப் பிற்கால நடப்பை வைத்துப் புரிந்துகொள்ளலாம் என்று கோர்ட் அனுமதித்தது, பிரபு ஜெயித்தார்.

மீன் விஷயத்தில் இங்கே இன்னும் வேடிக்கை. அலை ஏறும் ஆற்றில் தனியார் மீன் உரிமை கேட்பதானால் அது 1189-க்கு முந்தையதாக இருக்க வேண்டும் என்பது விதி. யாரிடம் அந்தக் காலத்துத் தாள் இருக்கும்? அதனால் பிற்காலத்துத் தாள்களை வைத்து நீண்ட பழக்கத்தைக் காட்டுவார்கள், அப்படியானால் ஆதியிலும் இருந்திருக்கும் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். பண்ணைக் கோர்ட் என்று ஒன்று இங்கே இருந்தது, நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி, அதன் சுருள்களில் யார் வாடகை கட்டினார், அனுமதியில்லாமல் வலை போட்டவனுக்கு எத்தனை பென்னி அபராதம் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். எனக்குப் பிடித்தது அந்த அபராத வரிகள்தான். நான்தான் சொந்தக்காரன் என்று எவனும் எழுதிக்கொள்ளலாம், திருட்டு வலை போட்டவனைப் பிடித்துத் தண்டம் வாங்கியிருந்தால் அது வேறு கனம்.

உங்கள் ஊரில் அப்படி யாரையாவது பிடித்துத் தண்டம் போட்டதுண்டா?

வடவாற்றங்கரை:
உண்டு! ஊர்ப் பொதுக்கணக்கு நோட்டு ஒன்று கோயில் உண்டியல் அறையில் கிடக்கிறது, நீல அட்டை, கரையான் ஓரத்தைத் தின்றுவிட்டது. ராத்திரியில் தூண்டில் போட்டவர்களிடம் தண்டம் வாங்கி விளக்கு எண்ணெய்க்கு வரவு வைத்ததாக அப்பா சொல்கிறார். ஏழெட்டு இடத்தில் இருக்குமாம். நான் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

கச்சேரி ரசீதுகளையும் மறுபடி பார்த்தேன். இரண்டில் "கரை புளி மரம்" என்று தெளிவாக இருக்கிறது. மூன்றாவதில் அந்த இடத்தில் மடிப்பு விழுந்து மை போய்விட்டது.

இன்னொன்று, புலப்படம் வாங்கினேன். பழங்கணக்கு ஐயா சொன்னது அப்படியே. வடகரை, கோயில், படித்துறை எல்லாம் தனி எண், 'அ' பதிவேட்டில் கோயில் பெயரிலேயே இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் 5 மாவுக்குக் குழி பிசகவில்லை.

அரசலாறு:
நல்லது. ஆனால் அவசரப்பட்டுக் குளம் முழுதும் எங்களுடையது என்று மனு எழுதிவிடாதீர்கள். தண்ணீர் நிற்கும் 18 மா சர்க்கார் பெயரில்தான் இருக்கிறது, நீர்நிலையில் பட்டா கேட்டால் எந்தக் கோர்ட்டும் கதவைச் சாத்தும். கேட்பது இரண்டே: மீன்பாசி கோயிலுக்கு என்ற வழக்கத்தை ஏற்க வேண்டும், அது முடியும் வரை ஏலத்தை நிறுத்தி வைக்க வேண்டும். 11 ரசீது, தண்ட நோட்டு, இரண்டும் சேர்ந்தால் வழக்கத்துக்கு நல்ல ஆதாரம். ஃபசலி 1361-க்குப் பிறகு உள்ள இடைவெளிதான் பலவீனம். வலைக்காரக் குடும்பத்து வீட்டில் எதிர் ரசீதோ கணக்கோ இருக்கும், அங்கே போய்க் கேளுங்கள். அந்த மூன்றாவது ரசீதையும் மறைக்காதீர்கள், நாமே காட்டி விளக்கிவிடுவது நல்லது.

வடவாற்றங்கரை:
வலைக்காரர் வீட்டுப் பெரியவர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார், சாவடியில் ஒரு பெட்டி இருக்கிறதாம். அதற்குள் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் எல்லா ரசீதையும் டவுனில் லேமினேட் செய்துவருகிறேன் என்று கிளம்பி நிற்கிறான்.

பழங்கணக்கு:
ஐயோ, அவனைப் பிடித்து வையுங்கள்! லேமினேட் போட்டால் முத்திரை மையும் தாளும் ஒட்டிக்கொள்ளும், பின்பக்கக் கையெழுத்தை அப்புறம் யாரும் சோதிக்க முடியாது. போட்டோ எடுத்துக்கொண்டு, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, பழைய தகரப் பெட்டியிலேயே திருப்பி வையுங்கள்.